பதினேழாம் நம்பர் சாப்பு

சாப்பு அடித்தது நீங்கள்.

அக்கா அடிக்கவில்லை. மதியச் சாப்பாட்டு நேரம். அக்கா கேன்டீனுக்குப் போயிருந்தார். நீங்கள் அவருடைய மேசைக்கு வந்தீர்கள். வலது பக்க இழுப்பறையைத் திறந்து, பதினேழு என்று எண் போட்ட ரப்பர் முத்திரையை எடுத்தீர்கள். சரக்கோடு போகும் ஆறு சோதனை அட்டைகளில் அடித்தீர்கள். ஒவ்வொரு அட்டையையும் வாயருகே கொண்டுபோய் மை காய ஊதினீர்கள். நான் அடுப்பறைக்குள் நின்று கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாப்பு அடித்ததைவிட நீங்கள் ஊதியதுதான் எனக்கு அடிக்கடி ஞாபகம் வருகிறது.

என்னை நீங்கள் பார்த்தீர்களா, தெரியாது. பார்த்திருந்தாலும் கவலைப்பட்டிருக்க மாட்டீர்கள். இவன் வாயைத் திறக்கமாட்டான் என்று உங்களுக்குத் தெரியும். நான் திறக்கவும் இல்லை.

இது அக்காவைப் பற்றிய எழுத்து. அவருடைய பெயரை எழுதப் போவதில்லை; அவருக்கு அது பிடிக்காது. உங்கள் பெயரையும் எழுதப் போவதில்லை. அதை நீங்களே சொல்லவேண்டும் என்று விட்டுவைத்திருக்கிறேன்.

படிக்கிறவர்களுக்கு விஷயம் புரியவேண்டும். நாங்கள் மூவரும் எங்கள் தீவில், பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தோம். நீங்கள் மேனேஜர். அக்கா கடைசிச் சோதனை மேசை. நான் அடுப்பு. சோறு சமைக்கிற அடுப்பு இல்லை. கண்ணாடி இழைகளைச் சூட்டில் வைக்கிற அடுப்பு.

தலைமுடி அளவு மெல்லிய கண்ணாடி இழை. அதன் மேலுறையை ஓர் இடத்தில் உரித்துவிட்டு, புற ஊதா லேசரைக் காட்டினால் உள்ளே கோடுகள் விழும். விரல்நகம் அளவு நீளத்துக்குள் பல ஆயிரம் கோடுகள். கண்ணுக்குத் தெரியாது. கிரேட்டிங் என்று சொல்வோம். தொலைத்தொடர்பு இழைக்குள் ஒரே நேரத்தில் பல நிற ஒளிகள் ஓடுகின்றன. ஒவ்வொரு நிறமும் ஒரு கூட்டம் ஆட்களின் பேச்சையும் படத்தையும் சுமந்து போகிறது. எங்கள் கோடுகள் ஒரே ஒரு நிறத்தை மட்டும் திருப்பி அனுப்பும், மற்றதை விட்டுவிடும். அந்த நிறம் கொஞ்சம் நழுவினால் பக்கத்து நிறத்தில் போய் இடிக்கும். எங்கேயோ ஓர் ஊரில் லைன் கெட்டுப்போகும்.

புதிதாகக் கோடு போட்ட இழை நிலையாக நிற்காது. கோடு நன்றாக விழவேண்டும் என்று நாங்களே உள்ளே ஏற்றிய ஹைட்ரஜன் வெளியேறவேண்டும். கோட்டில் பலமில்லாத பகுதி போய்விட வேண்டும். அதற்குத்தான் என் அடுப்பு. ஒரு பகலும் ஓர் இரவும் உள்ளே இருக்கவேண்டும். நேரத்தைக் குறைத்தால் அன்றைக்கு எதுவும் தெரியாது. திரையில் அழகாகத்தான் காட்டும். மாதங்கள் போன பிறகு நழுவ ஆரம்பிக்கும்.

இதைத்தான் அக்கா தன் பாஷையில் சொல்லுவார்.

"இன்னிக்குச் சரியா இருக்கு."

அதற்குமேல் ஒரு சொல் வராது. எந்தப் பொருளைக் கொடுத்து நல்லா இருக்கா என்று கேட்டாலும் இதுதான் பதில். ஒருமுறை அளப்பார். கழற்றிவிடுவார். திரும்ப மாட்டி இன்னொருமுறை அளப்பார். இரண்டும் ஒத்துப்போனால் "இன்னிக்குச் சரி" என்பார், சாப்பை எடுப்பார். ஒத்துப்போகாவிட்டால் அட்டையைக் குப்புறக் கவிழ்த்து வைப்பார். அளக்கும்போது மூச்சை அடக்கிக்கொள்வார். மூச்சுச் சூட்டிலேயே இழையின் நிறம் நகரும். நாங்கள் யாராவது அவர் தோளுக்குப் பின்னால் வந்து நின்றால், திரும்பாமலேயே, "யாரு ஊதுறது? தள்ளி நில்லு லா" என்பார்.

எனக்கு அவரைப் பார்த்தால் எரிச்சல் வரும். உண்மையைச் சொல்கிறேன். என்னைவிட நாலு வயது மூத்தவர். நான் அடுப்பிலிருந்து எடுத்துக் கொடுத்த தட்டை வாங்கிக்கொண்டு, "எத்தனை மணிக்கு வச்ச? எத்தனை மணிக்கு எடுத்த?" என்று கேட்பார். அட்டையில் எழுதியிருக்குமே அக்கா என்பேன். "அட்டையைக் கேக்கல தம்பி, உன்னைக் கேக்கறேன்" என்பார். நான் சொல்லவேண்டும். சொன்ன பிறகு அட்டையைப் பார்ப்பார். அது அவருடைய இரண்டாவது அளவு.

எங்கள் வரிசையில் வேலை செய்த ஒரு பெண், நிச்சயம் ஆன மாப்பிள்ளையின் படத்தைக் கைப்பேசியில் காட்டிக்கொண்டு வந்தது.

"மாப்பிள்ளை எப்படிக்கா?"

"போட்டோல நல்லா இருக்காரு."

"அவ்ளோதானா?"

"நேர்ல ஒரு தரம் பார்த்துட்டுச் சொல்றேனே. என்ன அவசரம்?"

அந்தப் பெண் ஒரு வாரம் அக்காவோடு பேசவில்லை. கல்யாணத்துக்கு அக்கா போனார். மறுநாள் வந்து, "ரெண்டும் ஒத்துப்போகுது" என்றார். அந்தப் பெண் சிரித்துவிட்டது.

ஒரு சனிக்கிழமை நாங்கள் நாலைந்து பேர் சூலியா தெருவுக்குச் சாப்பிடப் போனோம். நாசி கண்டார் கடை. சோற்றின் மேல் மூன்று குழம்பை ஊற்றிக் கொடுத்துவிட்டு, கடைக்காரர் எங்கள் மேசை ஓரம் வந்து நின்றார்.

"எப்படிம்மா இருக்கு தங்கச்சி?"

"இன்னிக்கு நல்லா இருக்கு மாமா."

"இன்னிக்கா? எங்க அத்தா காலத்துலேர்ந்து இதே கறிதான்!"

"உங்க அத்தா காலத்துல நான் சாப்பிடலையே மாமா."

"அலாமாக்! டேய், இந்தப் பொண்ணுக்கு இன்னொரு கரண்டி ஊத்து. ரெண்டாவது தரம் சாப்பிட்டுட்டுச் சொல்லட்டும்."

அக்கா அதையும் சாப்பிட்டார். கடையே பார்த்துக்கொண்டிருந்தது. நிதானமாக மென்று முழுங்கிவிட்டு, தலையை ஆட்டினார். கடைக்காரர் கைதட்டினார். அதற்குப் பிறகு நான் தனியாக அந்தப் பக்கம் போனால், "அந்த ரெண்டு தரம் சாப்பிடுற தங்கச்சி எங்கே?" என்று கேட்பார். நான் இப்போது அந்தப் பக்கம் போவதில்லை.

அக்காவுக்குக் காலையில் ஒரு பழக்கம். மேசை ஓரத்தில் பழைய இழைத் துண்டு ஒன்றை ஒட்டி வைத்திருந்தார், கருவியோடு இணைத்தபடி. வந்தவுடன் அதன்மேல் கட்டைவிரலை வைப்பார். விரல் சூட்டில், திரையில் நிறத்தைக் காட்டும் கூரிய முனை வலது பக்கம் நகரும். தினமும் ஏறக்குறைய அதே இடத்துக்குத்தான் போகும். அங்கே ஒரு பென்சில் கோடு. முனை அந்தக் கோட்டுக்குப் போய் நின்றால் கருவி சரி, வேலையை ஆரம்பிக்கலாம்.

ஒருநாள் முனை கோட்டைத் தாண்டிப் போனது. விரலை எடுத்து, ஆறவிட்டு, திரும்ப வைத்தார். திரும்பவும் தாண்டியது. என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, உன் விரலை வை."

வைத்தேன். முனை கோட்டில் போய் நின்றது. தன் விரலை வைத்தார். தாண்டியது. கொஞ்ச நேரம் திரையையே பார்த்துவிட்டுச் சொன்னார்:

"மெஷின் சரி. நான்தான் சரியில்ல."

அன்று மதியம் கிளினிக்கில் டெங்கு என்று சொன்னார்கள். நீங்கள்கூட அதைக் கூட்டத்தில் சொல்லிச் சிரித்தீர்கள் பாஸ். "நம்ம அக்கா தனக்கே டெஸ்ட் ரிப்போர்ட் போட்டுக்கிட்டாங்க." நாங்களும் சிரித்தோம். தன் உடம்பைப் பற்றிக்கூட கருவி சொன்ன பிறகுதான் நம்பினார் என்பது அன்று எங்களுக்குச் சிரிப்பாக இருந்தது.

அவர் பெரிய படிப்புப் படித்தவர் இல்லை. ஐந்தாம் படிவம், அதாவது பள்ளிப் படிப்பு முடிந்ததோடு வேலைக்கு வந்தவர். ஆனால் வடிவமைப்புக்காரர்களும் அவரிடம்தான் வருவார்கள். ஒருமுறை ஓர் இளம் எஞ்சினியர் கணினியில் போட்ட வடிவம் சோதனையில் நிற்கவில்லை. முனைக்கு இரு பக்கமும் சின்னச் சின்னப் பற்கள் முளைத்திருந்தன. பக்கத்து நிறத்தில் கசிகிறது என்று அர்த்தம். அக்கா சொன்னார்: "கோடு டக்குனு ஆரம்பிச்சு டக்குனு முடியுது, அதான். ரெண்டு ஓரத்தையும் கொஞ்சம் கொஞ்சமா மங்கலாக்கி முடிங்க. இப்ப மங்கலாக்கினது பத்தல." அவன், "நிச்சயமா அதான் காரணமா அக்கா?" என்றான். "நிச்சயம்லாம் எனக்குத் தெரியாது. மூணு இழையில கோடு எழுதிட்டு வாங்க, பாப்போம்." எழுதிக்கொண்டு வந்தான். பற்கள் போயிருந்தன. அந்த வடிவம்தான் இன்றும் போய்க்கொண்டிருக்கிறது. அதில் அக்காவின் பெயர் கிடையாது. அவர் கேட்கவும் இல்லை.

தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக் கோயிலடியில் நீங்கள் போடுகிற பந்தலில் மட்டும் அவரைப் பற்றிச் சொல்வீர்கள். அக்கா வருடா வருடம் பால்குடம் எடுப்பார். படியேறப் போகும் வழியில் உங்கள் பந்தலைக் கடக்கும்போது நீங்கள் மைக்கைப் பிடித்து, "இதோ போறாங்க பாருங்க, உலகத்துக்கே ஒளி அனுப்புற நம்ம தமிழ்ப் பொண்ணு!" என்பீர்கள். அக்கா தலையில் குடத்தோடு கூச்சப்பட்டுக்கொண்டு நடப்பார். ஒருமுறை இறங்கி வந்தபோது, வேண்டுதல் பலித்ததா என்று கேட்டேன். "இன்னும் பாக்கணும்" என்றார். என்ன வேண்டினார் என்று கடைசிவரை சொல்லவில்லை.

இப்போது அந்த மாதத்துக்கு வருகிறேன்.

இரண்டு அடுப்பில் ஒன்று பழுதானது. சரக்கு போகவேண்டிய நாள் நெருங்கியது. நீங்கள் அடுப்பறைக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டு, என் தோளில் கை போட்டீர்கள்.

"எட்டு மணி நேரத்துல எடுத்துடு."

"பாஸ், முழு நேரம் வைக்கணுமே."

"டெஸ்ட்ல பாஸ் ஆகுதா இல்லையா? ஆகுது. அப்புறம் என்ன? அட்டையில வழக்கம்போல எழுது."

காகிதத்தில் எதுவும் கொடுக்கவில்லை. நான் எட்டு மணி நேரத்தில் எடுத்தேன். அட்டையில் முழு நேரம் என்று எழுதினேன். என் கையெழுத்து. என் பேனா.

ஆறு தொகுதிகள் இருந்த தட்டை, தொகுதிக்கு ஓர் அட்டையோடு, அக்காவிடம் கொண்டுபோனேன். வழக்கம்போல, "எத்தனை மணிக்கு எடுத்த?" என்று கேட்டார். பொய் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார், இழையை மாட்டினார். இரண்டுமுறை அளந்தார். இரண்டும் ஒத்துப்போயின. ஆனால் சாப்பை எடுக்கவில்லை. தட்டைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தார்.

"இவ்ளோ சீக்கிரம் எப்படி வந்துச்சு? நேத்து மதியம் இந்தத் தட்டு லேசர் ரூம்லதானே இருந்துச்சு?"

நான் கையுறையைக் கழற்ற ஆரம்பித்தேன்.

"நாலு நாள் வச்சுப் பாத்துட்டுத் தர்றேன்" என்று சொல்லி ஆறு அட்டைகளையும் குப்புறக் கவிழ்த்தார்.

நீங்கள் வந்தீர்கள். கெஞ்சினீர்கள், அதட்டினீர்கள். "இன்னிக்குச் சரியா இருக்கு பாஸ். அவ்ளோதான் என்னால சொல்ல முடியும். நாலு நாள் கழிச்சு என்ன சொல்லும்னு தெரியாது" என்றார் அக்கா. அடுத்த நாள் மதியம் அவர் கேன்டீனுக்குப் போனார். மீதியை மேலே எழுதிவிட்டேன்.

அவர் திரும்பி வந்தபோது மேசையில் அட்டைகள் இல்லை. "பாஸ் எடுத்துட்டுப் போயிட்டாரா?" என்று என்னைக் கேட்டார். ஆமாம் என்றேன். நீங்கள் உங்கள் பொறுப்பில் அனுப்பியிருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டார். தன் சாப்பை இன்னொருவர் தொடுவார் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

ஒன்பது மாதம் கழித்துச் சரக்கு திரும்பி வந்தது. நிறம் நழுவியிருந்தது. அடுப்பில் முழு நேரம் இருந்ததாக அட்டை சொன்னது. அப்படியானால் தவறு சோதனையில்தான். அட்டையில் பதினேழாம் நம்பர் சாப்பு.

விசாரணை அறையில் நாலு பேர் இருந்தோம். நீங்கள், மனிதவளப் பிரிவின் அம்மா, அக்கா, நான். முதலில் என்னைக் கேட்டார்கள். அடுப்பில் எத்தனை மணி நேரம்? "அட்டையில் உள்ளபடி" என்றேன். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். அதற்குப் பிறகு நான் மேசையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பேச்சு முழுக்க ஆங்கிலத்திலும் மலாயிலும் போனது. முக்கியமான இடத்தில் மட்டும் நீங்கள் தமிழுக்கு வந்தீர்கள். குரலைத் தாழ்த்திக்கொண்டு, உறவுக்காரர் மாதிரி.

"அக்கா, பயப்படாதீங்க. இது உங்க சாப்புதானே?"

"என் சாப்புதான் பாஸ். ஆனா இதை நான் அடிக்கல."

"வாரத்துக்கு எத்தனை அட்டைக்குச் சாப்பு அடிக்கிறீங்க?"

"எரநூறு இருக்கும்."

"ஒன்பது மாசத்துக்கு முந்தி ஒரு அட்டையில அடிச்சது உங்களுக்கு ஞாபகம் இருக்குமா? நூறு பெர்சன்ட் நான் அடிக்கலைன்னு உங்களால சொல்ல முடியுமா?"

அக்கா யோசித்தார். நான் வேண்டிக்கொண்டேன், சொல்லிவிடு அக்கா, நூறு என்று சொல்லிவிடு. ஊரில் யாராக இருந்தாலும் சொல்லியிருப்பார்கள். மேசையில் அடித்துச் சொல்லியிருப்பார்கள். அக்காவுக்குப் பொய் சொல்லத் தெரியாது என்பது மட்டும் இல்லை. இரண்டாவது அளவு இல்லாமல் எதையும் சொல்ல அவருக்கு வாய் வராது. ஞாபகத்தை எந்தக் கருவியில் மாட்டி அளப்பது?

"நூறுன்னு நான் எதையுமே சொன்னதில்லையே பாஸ்" என்றார்.

நீங்கள் அந்த அம்மா பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் சொன்னீர்கள்: அவரால் மறுக்க முடியவில்லை, எழுதிக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு அக்காவை நன்றாகத் தெரியும். எங்கே தொட்டால் உடையும் என்று தெரிந்துதான் தொட்டீர்கள்.

அதற்கு முந்தைய வாரமே இன்னொன்றும் செய்திருந்தீர்கள். அக்கா மேசையடியில் ஒரு நீல நிற பிஸ்கட் டின் வைத்திருப்பார். மனசில் சந்தேகம் தட்டும் தொகுதி ஒவ்வொன்றிலிருந்தும், விற்பனைக்கு ஆகாத இழை ஒன்றை அதில் போட்டுவைப்பார், அடுப்பிலிருந்து மற்றவற்றோடு வந்ததை. தொகுதி எண், தேதி, அன்று அளந்த நிறம் எல்லாம் தன் கையால் சீட்டில் எழுதியிருப்பார். அடுத்து வரும் திங்கட்கிழமை காலையில் ஒருமுறை எடுத்துத் திரும்ப அளப்பார். யாரும் அவரிடம் இதைச் செய்யச் சொல்லவில்லை. எங்கள் தொழிற்சாலையில் ஃபைவ் எஸ் என்று ஒன்று உண்டு. வேலையிடத்தைச் சுத்தமாக வைக்கும் முறை. தேவையில்லாத பொருளுக்குச் சிவப்புச் சீட்டு ஒட்டுவார்கள், அது குப்பைக்குப் போகும். சரக்கு திரும்பி வந்த வாரம் நீங்கள் நேரில் வந்து அந்த டின்னுக்குச் சிவப்புச் சீட்டு ஒட்டினீர்கள். விசாரணையில் அக்கா, "டின்ல இருக்கறதை அளந்து பாருங்க பாஸ்" என்றபோது, "அது பதிவில் இல்லாத குப்பை" என்றீர்கள்.

அக்காவை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். கடைசி நாள் அவர் அந்த டின்னைக் குப்பைத் தொட்டியிலிருந்து எடுத்துக்கொண்டார். வாசலில் காவலர் திறந்து பார்த்தார். சுருட்டிச் சுருட்டி வைத்த இழைகள். "ஆப்பா நி, காக்? ரம்புட்?" என்று கேட்டார். இது என்ன அக்கா, தலைமுடியா என்று மலாயில் கேட்கிறார். அக்கா சிவப்புச் சீட்டைக் காட்டினார். காவலர் விட்டுவிட்டார். இருபத்தொரு வருடம் வேலை செய்தவர், முடி என்று நினைக்கப்பட்ட ஒரு டின்னோடு பஸ் ஏறினார். வழியனுப்ப யாரும் போகவில்லை. நானும் போகவில்லை.

அவர் பாலத்தைக் கடந்து அக்கரையில் கெப்பாலா பத்தாஸில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். வேறு இரண்டு தொழிற்சாலையில் கேட்டிருக்கிறார். பழைய இடத்தில் ஏன் நிறுத்தினார்கள் என்று கேட்டால் நடந்ததை அப்படியே சொல்லியிருக்கிறார். யார் எடுப்பார்கள்?

நான் ஒரு வருடம் போகவில்லை. தைப்பூசம் வந்தது. அக்கா பால்குடம் எடுக்க வரவில்லை. நீங்கள் மைக்கில் வேறு யாரையோ பெருமையாகச் சொன்னீர்கள். அடுத்த வாரம் நான் போனேன்.

தங்கைதான் கதவைத் திறந்தார். அக்கா கூடத்தில் உட்கார்ந்திருந்தார். இளைத்திருந்தார். தங்கை எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்தார், அக்காவுக்கும் ஒன்று. "இனிப்பு சரியா இருக்காக்கா?" என்று அவரைக் கேட்டார். அக்கா ஒரு வாய் குடித்தார்.

"தெரியல."

தங்கை என்னைப் பார்த்தார். சமையலறை வாசலுக்குப் போனபோது மெதுவாகச் சொன்னார்: "எதைக் கேட்டாலும் இதான் தம்பி. கேஸ் அடுப்பை அணைச்சுட்டு, அணைச்சேனா அணைச்சேனான்னு பத்து தரம் போய்ப் பாக்குறாங்க. பாத்துட்டு வந்தும் நம்ப மாட்டேங்கிறாங்க."

இரண்டு தடவை பார்த்தால் போதும் என்று இருந்தவர்.

நான் திரும்பிப் போய் அக்கா எதிரில் உட்கார்ந்து சொன்னேன். வழி முழுக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததுதான்.

"அக்கா, நீங்க அடிக்கல. பாஸ்தான் அடிச்சாரு. நான் பாத்தேன்."

அவர் அதிரவில்லை. அழவில்லை. தட்டை வாங்கிக்கொண்டு கேள்வி கேட்கிற அதே பார்வை.

"அப்ப ஏன் அன்னிக்குச் சொல்லல?"

"பயந்துட்டேன்கா. வீட்டுக் கடன், பிள்ளைங்க..."

"அடுப்பு?"

"எட்டு மணி நேரம்தான். பாஸ் சொன்னாரு."

"அன்னிக்கு அட்டையில உள்ளபடின்னு சொன்ன."

"பொய் சொன்னேன்கா."

அக்கா தேத்தண்ணிக் கோப்பையைத் தள்ளி வைத்தார். பிறகு, கோபமே இல்லாமல் சொன்னார்:

"அன்னிக்கு ஒன்னு சொன்ன. இன்னிக்கு ஒன்னு சொல்ற. ரெண்டும் ஒத்துப்போகலையே தம்பி. நான் எதை எடுத்துக்கறது?"

என்னை யாரும் இப்படி அடித்ததில்லை.

டின்னைக் கேட்டேன். உள்ளே போய் எடுத்துக்கொண்டு வந்தார். திறக்கவில்லை. "நீயே வச்சுக்க. என்னால பாக்க முடியாது" என்றார்.

ஒரு திங்கட்கிழமை காலையில் சீக்கிரம் போய், அவருடைய மேசையில் உட்கார்ந்தேன். இப்போது அங்கே வேறு ஒரு பெண் வேலை செய்கிறது. மேசை ஓரத்தில் அந்தப் பழைய இழை இன்னும் ஒட்டியிருக்கிறது. கட்டைவிரலை வைத்தேன். முனை பென்சில் கோட்டில் போய் நின்றது. டின்னில் இருபத்திரண்டு இழைகள். ஒவ்வொன்றையும் இரண்டுமுறை அளந்தேன், மூச்சை அடக்கிக்கொண்டு. பதினாறு இழைகள், அக்கா சீட்டில் எழுதிய இடத்திலேயே அசையாமல் நின்றன. ஆறு நழுவியிருந்தன. எந்த ஆறு என்று உங்களுக்குத் தெரியும்.

அந்த எண்களை எழுதிக்கொண்டு திரும்பவும் பாலத்தைக் கடந்தேன். அக்காவிடம் காட்டினேன். விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக்கொண்டு படித்தார். ஒரு கணம் பழைய முகம் வந்தது. நான் பார்த்தேன், வந்தது. பிறகு தாளை மடித்து என்னிடமே கொடுத்துவிட்டார்.

"மெஷின் சரியா இருக்கும் தம்பி. அன்னிக்குச் சீட்டுல நான் எழுதினது சரின்னு என்ன நிச்சயம்? நான்தான் சரியில்லாம இருந்திருக்கலாம்."

அவ்வளவுதான். பதினாறு இழைகள் அவர் எழுதியபடியே நிற்கின்றன. அதுவும் அவருக்குப் போதவில்லை. தன் கையெழுத்தை நம்பாதவருக்கு எதைக் கொண்டுபோய்க் காட்டுவது?

மனிதவளப் பிரிவுக்கு எழுதினேன். அந்த விஷயம் முடிந்துவிட்டது என்று ஒரு வரியில் பதில் வந்தது. நீங்கள் இப்போது பெரிய பதவியில் வேறு கட்டடத்தில் இருக்கிறீர்கள். நான் இன்னும் அதே அடுப்பில்தான் நிற்கிறேன். இதை எழுதிய பிறகு நிற்கமாட்டேன், தெரியும். சாப்பு அடிக்கிற இழுப்பறைகளுக்கு இப்போது பூட்டுப் போட்டிருக்கிறார்கள். உங்கள் யோசனைதான் என்று சொன்னார்கள்.

அக்கா சரியாகிவிடுவார் என்று நான் நினைக்கவில்லை. வேலை திரும்பக் கிடைக்காது. கேட்கவும் மாட்டார். ஆனால் அவருடைய முறை எனக்குத் தெரியும். ஓர் அளவை வைத்து அவர் எதையும் ஏற்கமாட்டார். என் அளவு ஒன்று இருக்கிறது. அதுவும் கெட்டுப்போன அளவு, ஒருமுறை பொய் சொன்ன வாயிலிருந்து வந்தது. இரண்டாவது அளவு உலகத்தில் ஒரே ஓர் ஆளிடம்தான் இருக்கிறது.

ஆகவே முதலில் நான் சொல்கிறேன், எல்லாருக்கும் முன்னால். எட்டு மணி நேரத்தில் அடுப்பிலிருந்து எடுத்தது என் கை. அட்டையில் பொய் எழுதியது என் கை. விசாரணையில் பொய் சொன்னது என் வாய்.

இனி உங்கள் முறை பாஸ். வருகிற தைப்பூசத்துக்கும் தண்ணீர்மலையில் பந்தல் போடுவீர்கள், மைக்கைப் பிடிப்பீர்கள். நான் அந்த நீல டின்னோடு பந்தலுக்கு முன்னால் நிற்பேன். நீங்கள் அவரைப் புகழ்ந்த அதே மைக்கில், அதே கூட்டத்துக்கு முன்னால், உங்கள் பெயரைச் சொல்லிவிட்டுப் பதில் சொல்லுங்கள். தாழ்ந்த குரலில் இல்லை, கெப்பாலா பத்தாஸ் வரை கேட்கிற மாதிரி.

அந்த ஆறு அட்டைகளில் பதினேழாம் நம்பர் சாப்பை அடித்தது யார்? நூறு பெர்சன்ட் சொல்லுங்கள்.